சீனி போதுமா?

கோப்பெங் ஊரில் ஒரு வீட்டு முன்னறையில் நாங்கள் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அம்மா, அண்ணன், தங்கை நான். அண்ணன் குணாவுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். மேசை விசிறி கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காற்று வீசியது. அது அண்ணன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவன் தலையில் அப்பியிருந்த ஹேர் கிரீம் வாசம் என் மூக்கில் ஏறியது.

பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். அந்தக் காலத்தில் பெண் என்றால் குனிந்த தலை நிமிராமல் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போய்விட வேண்டும். இவள் கொஞ்சம் தைரியசாலி. அண்ணன் முன்னால் நின்று, மெல்லிய குரலில், "சீனி போதுமா?" என்று கேட்டாள்.

அண்ணன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் இன்னொரு முறை கேட்டாள். அம்மா அவன் முழங்காலில் லேசாக இடித்தார். அண்ணன் குவளையை எடுத்துக்கொண்டு, பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சிரித்து, "இந்தப் பக்கம் மழையே இல்லியா?" என்றான்.

அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. தட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. நாங்கள் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் பஸ் ஏறினோம்.

தரகர் மூலம் பதில் வந்தது. "பையனுக்குத் திமிரு ஜாஸ்தியாம். பொண்ண ஒரு மனுசியாவே மதிக்கலையாம்."

இந்தத் தொடரில் போன வாரம், ஈப்போவில் நான் பொறியியல் படிக்கச் சேர்ந்த கதையை ஆரம்பித்து, தகரக் கூரை போட்ட எங்கள் வகுப்பறை வரைக்கும் வந்து நிறுத்தியிருந்தேன். அங்கே என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரு பாடத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். அதற்கும் கோப்பெங்கில் ஆறிப்போன தேநீருக்கும் சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டோர்

நாங்கள் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா இறந்தபோது அண்ணன் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடித்திருந்தான். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தான். ரப்பர் பாலை உறைய வைத்து, இரும்பு உருளைகளில் கொடுத்துப் பாளமாக இழுக்கும் ஆலையைத்தான் தோட்டத்தில் ஸ்டோர் என்போம்.

அண்ணனுக்குச் சோறு கொண்டு போகும்போது நான் வாசலோடு நின்றுவிடுவேன். உள்ளே அப்படி ஓர் இரைச்சல். பல்லெல்லாம் கூசும். அங்கே வேலை செய்தவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். புளித்த பால் நாற்றத்தோடு வீட்டுக்கு வரும் அண்ணன், பக்கத்தில் இருக்கும் என்னிடமும் கத்தித்தான் பேசுவான். தோட்டத்து ஆண்கள் எல்லாருமே அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன்.

பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை. அந்த மலையைக் குடைந்துகொண்டிருந்த குவாரியில் அண்ணனுக்குப் பாறையில் துளை போடும் வேலை கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் பொறியியல் படித்தேன். இதை இந்தத் தொடரில் எத்தனை தடவை எழுதினாலும் எனக்குப் போதாது.

வீட்டில் அவனைப் பற்றி ஒரு புகார் எப்போதும் உண்டு. அம்மாவோ நானோ கூப்பிட்டால் திரும்பமாட்டான். எதிர்வீட்டு ஆறுமுகம் தன் கட்டைக் குரலில் "மச்சான்" என்றால் உடனே எழுந்து போவான்.

"பொம்பளைங்க பேச்சு ஐயாவுக்கு காதுல ஏறாது" என்பார் அம்மா. நானும் அவர் கட்சிதான். "ஏன் அண்ணே, நாங்கல்லாம் மனுசங்களா தெரியலையா?" என்று ஒருநாள் சண்டையே போட்டிருக்கிறேன். அவன் சிரித்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டான்.

கோப்பெங் சம்பந்தம் தட்டிப்போன பிறகு அம்மா யாரோ ஒரு சாமியாடியிடம் போய்க் குறி கேட்டார். தோஷம் என்றார்கள். அந்தத் தைப்பூசத்துக்கு அண்ணன் பால்குடம் எடுத்தான். உறுமி மேளம் முழங்க ஆரம்பித்ததும் அவன் முகமே மாறியது. கண்ணை மூடிக்கொண்டு, அடிக்கு அடி சரியாகக் கால் வைத்து நடந்தான். "பாரு, சாமி அவன்கிட்ட வந்துருச்சு" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

பெட்டிக்குள் என்ன?

இனி அந்தப் பாடத்துக்கு வருகிறேன். சமிக்ஞைகளும் அமைப்புகளும். அப்போது யாரும் அதைத் தமிழில் அப்படிச் சொல்லவில்லை, சிக்னல்ஸ் என்றுதான் சொன்னோம். விரிவுரை மலாயில், புத்தகம் ஆங்கிலத்தில், என் புலம்பல் தமிழில். அம்மா, "அது என்னா படிப்பு, ரோட்டுல சிவப்பு வெளக்கு போடுறதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

விரிவுரையாளர் முதல் நாள் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கவலைப்படாதே. இந்தப் பக்கம் ஒன்றைக் கொடு, அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பார். அதை வைத்தே பெட்டியைத் தெரிந்துகொள்ளலாம் என்றார். அடடா, இவ்வளவுதானா என்று நினைத்தேன். அடுத்த வாரமே மைனஸ் முடிவிலியில் தொடங்கி பிளஸ் முடிவிலி வரைக்கும் கூட்டச் சொன்னார்கள். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது?

முதல் தேர்வில் கோட்டை விட்டேன். என் பக்கத்தில் உட்காரும் கிளந்தான் மாநிலத்துக்காரி ரோஹானி என்னைவிட மோசம். இருவரும் கேன்டீனில் ஒரு தட்டு மீ கோரெங்கைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

எந்த ஓசையையும் தாழ்ந்த சுருதிகளாகவும் உயர்ந்த சுருதிகளாகவும் பிரித்துவிடலாம் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். சில பெட்டிகள் தாழ்ந்ததை உள்ளே விட்டு, உயர்ந்ததைத் தடுத்துவிடும். வடிகட்டி என்று பெயர். சமன்பாடு மனப்பாடமாகிவிட்டது. மண்டையில் மட்டும் ஏறவில்லை.

கையை இறக்கு

ஒருநாள் சோதனைக் கூடத்தில் விரிவுரையாளர் ஒலி எழுப்பும் கருவியை ஒலிபெருக்கியோடு இணைத்தார். எல்லாரும் கண்ணை மூடிக் கையைத் தூக்குங்கள், ஓசை கேட்காமல் போனதும் கையை இறக்குங்கள் என்றார்.

உறுமல் போலத் தொடங்கிய ஓசை மெல்ல மெல்ல உயர்ந்து, கீச்சென்று ஊசியாகி, கடைசியில் இல்லாமல் போனது. கண்ணைத் திறந்தபோது ரோஹானி இன்னும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். விரிவுரையாளர் சிரித்தார். தனக்கு எல்லாருக்கும் முன்பே நின்றுவிட்டது, வயதாகிவிட்டது, மேல் பாதி போய்விட்டது என்றார். "ஆனால் உங்கள் வாய்ச் சத்தம் நன்றாகக் கேட்கிறது, அரட்டை வேண்டாம்" என்று அதட்டினார்.

மேல் பாதி போய்விட்டது. இந்த வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது ஆறுமுகத்தின் கட்டைக் குரல் ஞாபகம் வந்தது. உறுமி மேளம் ஞாபகம் வந்தது. கோப்பெங் பெண்ணின் அந்தச் சின்னக் குரலும் ஞாபகம் வந்தது.

வீட்டில் அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அடுப்பில் விசில் கேத்தல் கூவியது. அவன் அசையவில்லை. சாவிக்கொத்தை அவன் தலைக்குப் பின்னால் ஆட்டினேன். ஒன்றுமில்லை. "அண்ணே" என்றேன். பக்கத்தைப் புரட்டினான். தெருவில் ஒரு லோரி உறுமிக்கொண்டு போனபோது மட்டும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தான்.

என் பாடத்தின் வடிகட்டி நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

மலையடியில்

அதற்குச் சில வாரங்களுக்கு முன் குவாரியில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. வெடி வைப்பதற்கு முன் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் பெருமாள் ஒரு பழைய கேஸ் சிலிண்டரை இரும்புச் சுத்தியலால் அடிப்பார். அடிப்பக்கம் அறுத்துத் தொங்கவிட்ட சிலிண்டர். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிட அடிப்பார்களே, அதே வழக்கம்தான். தோங் தோங் என்று கனமான சத்தம் மலையைச் சுற்றி வரும். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் அதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு மின்சாரச் சங்கு மாட்டினார். அது கீச்சென்று அலறும். எங்கள் வீட்டுக் குளியலறை வரைக்கும் கேட்கும்.

அண்ணனை வீட்டுப் பின்பக்கம் கூட்டிப்போய், என் வாய் அவனுக்குத் தெரியும்படி நின்று கேட்டேன்.

"புதுச் சங்கு கேக்குதா அண்ணே?"

"அது என்னாத்துக்கு ஒனக்கு?"

"கேக்குதா, இல்லியா?"

கால் கட்டைவிரலால் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"பக்கத்துல உள்ளவன் ஓடுனா நானும் ஓடுவேன். அவ்ளோதான்லா."

"தனியா நின்னா?"

 அதற்கு முந்தின வாரம் தோளில் ஒரு வெட்டுக் காயத்தோடு வந்திருந்தான். வழுக்கி விழுந்தேன் என்றான். அம்மா மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார். நான் அந்தத் தோளைப் பார்த்தேன். அவன் சட்டையை இழுத்து மூடிக்கொண்டான்.

"கல்லு பட்டுச்சா?"

"சின்னக் கல்லுதான்." பிறகு குரலை இறக்கினான். அவன் இறக்கியும் அது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "யார்கிட்டயும் சொல்லிறாத. செவிடன்னு தெரிஞ்சா நாளைக்கே நிப்பாட்டிருவானுங்க. நீ மொத படிப்ப முடி. அம்மாகிட்டயும் சொல்லாத. ஒனக்கும் நாளைக்கு மாப்ள பாக்கணும்ல."

செவிடன் வீட்டுப் பெண் என்று என்னைச் சொல்லிவிடுவார்களாம். அவன் தலையில் கல் விழுந்துகொண்டிருந்தது, அவனுக்கு என் கல்யாணக் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை நாலு அறை அறையலாம்போல் இருந்தது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் உயிர் போகும். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி இருக்க வேண்டும் என்று என் பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு கிடந்தேன்.

காலி சிலிண்டர்

வழி கிடைத்தது. பெரிய கெட்டிக்காரி அல்லவா நான்.

பல்கலைக்கழக அடையாள அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு குவாரி ஆபீசுக்குப் போனேன். முதலாளியின் மகன் என்னைவிடக் கொஞ்சம் வயது கூடியவர். ஏர்கண்டிஷன் அறையில் சுண்ணாம்புத் தூசியே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஒலியைப் பற்றிப் படிக்கும் மாணவி என்று மலாயில் சொல்லி, மலையைத் தாளில் வரைந்தேன். உயர்ந்த சுருதி நேராகத்தான் போகும், பாறையின் மறுபக்கம் போய்ச் சேராது, தாழ்ந்த சுருதி வளைந்து போகும், வளைவுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு உங்கள் சங்கு சரியாகக் கேட்காது, பழைய சிலிண்டரையும் சேர்த்து அடியுங்கள் என்றேன். சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அண்ணனின் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். செலவு இல்லாத யோசனை. "போலே, போலே" என்றார், செய்யலாம் என்று மலாயில். மண்டோர் பெருமாளைக் கூப்பிட்டார்.

பெருமாள் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "குணா தங்கச்சியா நீ? நல்லா படிக்கிற போல. அந்தச் சங்கு சனியன் எனக்கும் பிடிக்கலலா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முடிவிலி வரைக்கும் கூட்டிக் கூட்டி நான் கற்றது முதல் முறையாக எதற்கோ உதவியிருக்கிறது. அந்த ஆண்டு இறுதித் தேர்வில் அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ரோஹானியும் தேறிவிட்டாள்.

அடுத்த வாரம் அண்ணன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சிலிண்டரை அடிக்கும் வேலையையே அவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெடி வைப்பவர் மேலே சிவப்புக் கொடி காட்டியதும் கீழே அடிக்க வேண்டும். அதற்குக் கூர்மையான கண் வேண்டும். "குணா எந்த நேரமும் நாலு பக்கமும் பாத்துக்கிட்டே இருப்பான், அவனையே போடு" என்று பெருமாள் சொல்லியிருக்கிறார். காது கேட்காததால் அவன் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பெருமாளுக்குத் தெரியாது.

துளை போடும் வேலை குறைந்தது. சம்பளம் குறையவில்லை. அம்மா பால்குடம் பலித்துவிட்டது என்றார்.

மாறாத பெட்டி

அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இன்று எப்படியோ நாளையும் அப்படியே இருக்கும் பெட்டிகளைப் பற்றி மட்டும்தான் இந்தப் பாடம். அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மனிதக் காது அப்படிப்பட்ட பெட்டி இல்லை.

தகரக் கொட்டகைக்குள் தொங்கிய சிலிண்டருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் அண்ணன் சுத்தியலால் அடித்துக்கொண்டே இருந்தான். மலையைச் சுற்றி வளைந்து போகும் சத்தம் முதலில் அவன் தலைக்குள்தான் போனது. எனக்குச் சந்தேகம் தட்டியபோது பஞ்சு கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், காதில் வைக்கவில்லை.

"பஞ்ச பாத்தா காது சரியில்லன்னு நெனப்பானுங்க" என்றான்.

"அண்ணே, இருக்கிறதும் போயிரும்."

"உயிரோட இருக்கேன்லா. போதாதா?"

நான் படிப்பை முடித்து வேலைக்குப் போன முதல் வருடத் தைப்பூசம். அண்ணன் பால்குடத்தோடு வரிசையில் நின்றான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அவன் என் பக்கம் குனிந்து, "என்னா, இன்னும் மேளத்த தொடங்கலியா?" என்று கேட்டான்.

உறுமி மேளம் எங்களுக்கு முன்னால்தான் முழங்கிக்கொண்டிருந்தது. அடிப்பவன் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அம்மா என் கையைப் பிடித்தார். அன்றைக்குத்தான் அவருக்கு எல்லாம் விளங்கியது. சாமி வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பிடியை விடாமல் கோயில் வரைக்கும் நடந்து வந்தார்.

அந்த வருடமே குவாரியில் பின்னால் வந்த லோரியின் ஹார்னுக்கு அவன் திரும்பவில்லை. டிரைவர் பிரேக் பிடித்துவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தது. சம்பளத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்குப் பெண் பார்க்க நாங்கள் எங்கும் போகவில்லை.

நான் என்னைக் குறை சொல்லிக்கொள்ளமாட்டேன். அந்த யோசனை இல்லாவிட்டால் ஒரு கல் அவனை முடித்திருக்கும். ஆனால் அந்த ஏர்கண்டிஷன் அறையில் தாளில் மலை வரைந்துகொண்டிருந்த பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எத்தனை சந்தோஷமாக வரைந்தாள்.

தாப்பா பஸ் நிலையம்

சில வருடங்கள் கழித்து, பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போய்விட்டு நானும் அண்ணனும் தாப்பா பஸ் நிலையத்தில் நின்றிருந்தோம். மேலே மலைக்குப் போகும் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக ஒரு பெண் எங்களையே பார்த்தாள். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். கோப்பெங் பெண்.

"நல்லா இருக்கீங்களா அக்கா?" என்றாள். நான் அவளைவிடச் சின்னவள். அப்போதே எனக்கு அப்படி நரைத்திருந்தது.

கொஞ்சம் பேசினோம். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பழக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் லேசாகச் சிரித்து, "ஒங்க அண்ணன் இன்னும் பொம்பளைங்ககிட்ட பேச மாட்டாரா?" என்றாள்.

"அவருக்குக் காது கேக்காதுங்க" என்றேன். வெளியாள் ஒருவரிடம் இதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் சிரிப்பு நின்றது. "எப்போருந்து? அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான். பாதி கேக்காது. எங்களுக்கே தெரியாது."

அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிவிட்டுக்கொண்டாள். கண்டக்டர் விசில் ஊதினார்.

"தெரிஞ்சிருந்தா கொஞ்சம் சத்தமா கேட்டிருப்பேன்லா" என்றாள். ஓடிப்போய்ப் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அண்ணன் என் தோளைத் தட்டினான். "யாரு அது? என்னா கேட்டாங்க?"

நான் அவன் முன்னால் போய் நின்று, வாயை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

"சீனி போதுமான்னு கேட்டாங்க."

அவன் என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தான். அது முச்சந்தியைத் தாண்டி மலை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது.

"போதும்னு சொல்ல வேண்டியதுதானே" என்றான் அண்ணன், பஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி.